யாரும் வாங்கிப் போகாத அம்மா

பிள்ளையைத் தத்தெடுக்கலாம் என்று ஊரே ஒப்புக்கொள்கிறது. அப்பனைத் தத்தெடுத்தால் மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்பது பிரேம்காரருக்கு இன்றுவரை விளங்கவில்லை. "அப்பனுக்குப் பிள்ளை வேணும், பிள்ளைக்கு அப்பன் வேணும். யாரை யார் முதல்ல எடுத்தா என்ன?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, உதட்டில் கவ்வியிருக்கும் பொடி ஆணிகளில் ஒன்றை உருவிச் சட்டத்தில் அடிப்பார். வாயில் ஆணி வைத்துக்கொண்டு பேசுகிற மனிதரிடம் வாதாடுவது பாவம். கேட்க வந்தவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

கடைத்தெருவில் இரண்டு பேர் ஒருக்களித்து நிற்கிற அளவுக்கு ஒரு கடை. கீழே தொழில், மேலே குடித்தனம். மரச்சட்டம் அறுக்கிற தூள் படியேறி மேலே வந்து படுக்கை விரிப்பில் படுத்துக்கொள்ளும். நான்கு மூலையும் நூல் நுழையாமல் பொருந்த வேண்டும் அவருக்கு. கண்ணாடியை வைர முனையால் ஒரே இழுப்பில் கீறி, மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு தட்டுவார். சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி அது பிரிந்து வரும். படத்தைச் சுற்றி வருகிற வெள்ளை அட்டையை வெட்டுவது அவர் மனைவி. அந்த அம்மாளுக்குக் கை அளவு, கண் அளவு, வாய் அளவு மூன்றும் சரியாக இருக்கும். மூன்றாவதை அளந்து பார்த்தவர் யாருமில்லை.

பிரேம்காரருக்குப் பூர்வீகம் கிடையாது. ஓர் இல்லத்தில் வளர்ந்தார். யார் கொண்டுவந்து விட்டார்கள், எப்போது விட்டார்கள் என்று ஒரு கோப்பு இருந்ததாம். அதைக் கரையான் தின்றுவிட்டது. "என் வம்சம் கரையான் வாயில போச்சு" என்று சிரித்தபடி சொல்வார். வாக்கியம் முடிவதற்குள் சிரிப்பு முடிந்துவிடும்.

இல்லத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. சோறு உண்டு, துணி உண்டு, பாடம் உண்டு. திட்டும் உண்டு. ஆனால் வரிசையில் நிற்கவைத்து எல்லோரையும் சேர்த்துத்தான் திட்டுவார்கள். ஒருத்தன் தண்ணீரைக் கொட்டினால் முப்பது பேருக்கும் பொதுவாக ஒரு திட்டு. "டேய், நீதாண்டா" என்று அவர் ஒருத்தருக்காக மட்டும் யாரும் தொண்டை கிழியக் கத்தியதில்லை. மற்றவர்கள் அம்மா மடி வேண்டும் என்று ஏங்குவார்கள். இவர் ஏங்கியது தனியாகத் திட்டு வாங்க.

பிறகு பழைய முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளிக்கு வாரிசு இல்லை. கண்ணை மூடும்போது கடையை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கடையோடு ஓர் அலமாரியும் வந்தது. அதில் பிரேம் போட்டு முடித்து, யாரும் வாங்கிப் போகாத படங்கள். இந்தத் தொழிலில் அது ஒரு வழக்கமான சங்கதி. செத்த சூட்டோடு ஓடிவருவார்கள். "எங்கப்பாவுக்கு இருக்கறதுலயே பெரிய பிரேமா போடுங்க" என்பார்கள். நாள் ஆக ஆக துக்கம் இளைக்கும், அப்பா மட்டும் அதே பெரிய பிரேமில் அலமாரியில் நின்றுகொண்டிருப்பார்.

இனிக் கல்யாணம். மனைவியின் அண்ணனுக்கு நில அளவைத் துறையில் வேலை. தெருவில் அவருக்கு 'ஏழு தலைமுறை' என்று பேர். நிலத்தை அளந்து அளந்து கை பழகியவர், தன் வம்சத்தையும் கோல் வைத்துக் கோடு கிழித்து, மேலே ஏழாவது பாட்டன் முதல் கீழே நேற்றுப் பிறந்த குழந்தைவரை ஒரே தாளில் வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் சின்னப் படம் ஒட்டி வைத்திருந்தார். அந்த வரைபடத்தை பிரேம் போடக் கொடுத்தார். பிரேம்காரர் தாமதம் செய்தார். ஏன் தாமதம் என்று கேட்டுவர அண்ணன் தங்கையை அனுப்பினார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான். தங்கை கேட்டுவர நான்கு தடவை போனாள். ஐந்தாவது தடவை, கல்யாணம் என்று சொல்லிக்கொண்டு திரும்பினாள்.

அண்ணன் நல்ல மனிதர்தான். மறுக்கவில்லை. தங்கை பெயருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையைச் சேர்க்க வேண்டுமே என்று வரைபடத்தைக் கடைக்குத் தூக்கிவந்தார். பிரேம்காரரே பின்பலகையைக் கழற்றித் தாளை எடுத்துக் கொடுத்தார். மச்சான் எழுதினார். வீட்டுக்கு வந்த மற்ற மாப்பிள்ளைகள், மருமகள்கள் எல்லோருக்கும் தலைக்கு மேலே அப்பா, அம்மா, தாத்தா என்று கோடு ஏறியது. பிரேம்காரர் தலைக்கு மேலே வெறும் தாள்.

"என்ன மாப்பிள்ளை போடறது?" என்றார் மச்சான், நிஜமான சங்கடத்தோடு. "காலியா விடட்டுமா, இல்ல புறம்போக்குன்னு போட்டுடட்டுமா?"

"காலியா விடுங்க மச்சான்."

விட்டார். அந்தக் காலி இடத்தின் மேல் கண்ணாடியை வைத்து, பின்பலகை போட்டு, ஆணி அடித்து மூடியது பிரேம்காரரின் கைதான். அன்றைக்குச் சுத்தியல் இரண்டு தடவை விரலில் விழுந்தது. வலித்தது விரலில் இல்லை என்று மனைவிக்குத் தெரியும்.

அதற்கப்புறம்தான் அலமாரியைத் திறந்தார்.

கண்டபடி எடுத்துவிடவில்லை. அவருக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. கடைப் பலகையில் அறிவிப்பு எழுதிப்போட்டார். ரசீதில் இருந்த விலாசங்களுக்குக் கடிதம் அனுப்பினார். சிலர் நாக்கைக் கடித்துக்கொண்டு வந்து வாங்கிப்போனார்கள். சில கடிதங்கள் 'இந்த விலாசத்தில் இல்லை' என்று திரும்பி வந்தன. ஒரு வருஷம் பொறுத்தார். அதற்குப் பிறகும் கேட்பாரில்லாதவர்களைத்தான் தொட்டார். பின்பலகையில் பழைய முதலாளி பென்சிலால் எழுதிவைத்த ரசீது எண்ணை ரப்பர் வைத்து அழிப்பார். "சொந்தக்காரங்களுக்கு நம்பர் எதுக்கு?" அழித்த இடத்தில் அந்த ஆளின் வாழ்க்கையை நாலு வரி எழுதுவார். அவ்வளவுதான், தத்து முடிந்தது. இதுதான் அவருடைய வம்சக் குறிப்பு. ஒவ்வொருவர் முதுகிலும் ஒவ்வொருவர் சரித்திரம்.

முதலில் எடுத்தது அம்மாவை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த, நாற்பதை நெருங்குகிற ஒரு பெண். கை இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டு, வலது புருவத்தை மட்டும் ஒரு நூல் தூக்கி, எதிரே நிற்கிறவனை ஒரு முறைப்பு. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னவன் பொங்கவிட்டுவிட்டால் ஒருத்தி எப்படிப் பார்ப்பாளோ, அந்தப் பார்வை. பிரேம்காரர் அலமாரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். கடையில் அப்போது அவரைத் தவிர யாரும் இல்லை. ஆகவே அந்த முறைப்பு அவருக்குத்தான்.

மேலே தூக்கிக்கொண்டு போய், "எங்கம்மா" என்றார்.

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு அம்மா வேணும்னா எடுத்துக்கோங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா எனக்கு இப்படி ஒரு மாமியார் தேவையா? கல்யாணம் பண்ணும்போது மாமியார் தொல்லை இல்லைன்னுதானே உங்களைக் கட்டினேன். அலமாரியில வேற ஆளே இல்லையா?"

இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்தில் குழி விழச் சிரிக்கிற இன்னொருத்தி. மனைவிக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஒரு வாரம் வாக்குவாதம். கடைசியில் சிரிக்கிறவள் அம்மாவின் தங்கையாக, சித்தியாக, பக்கத்து ஆணியில் ஏறினாள். மாமியார் மாமியாராகவே இருந்தாள்.

அப்பா கிடைத்தது அதற்கப்புறம். கையில் குடையோடு நிற்கிற இருபத்திரண்டு வயசுப் பையன். "அம்மாவுக்கு நாப்பது, அப்பாவுக்கு இருபத்திரண்டா? அளவு இடிக்குதே மாப்பிள்ளை" என்றார் மச்சான்.

"அப்பா சின்ன வயசுலயே போயிட்டார் மச்சான். அதுக்கப்புறம் அவருக்கு ஏது வயசு? அம்மாதான் தனியா எங்களை வளர்த்தாங்க" என்றார் பிரேம்காரர். சொல்லிவிட்டுச் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மச்சானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகுதான் அவருக்கே கோபம் வந்தது.

சித்தப்பா வந்தார், இரண்டு தாத்தாக்கள் வந்தார்கள், உறவு முறை முடிவாகாத ஒரு தொப்பிக்காரர் வந்தார். ஹாலின் சுவர் நிறைந்தது. மகள் பிறந்தபோது பார்க்கவந்த அண்டைவீட்டுக்காரி, சுவரையும் தொட்டிலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "மூக்கு அப்படியே உங்க மாமியாரை உரிச்சு வெச்சிருக்கு" என்றாள். பிரேம்காரர் அன்றைக்குத் தெருவுக்கே இனிப்பு கொடுத்தார். மனைவி அண்டைவீட்டுக்காரியோடு பத்து நாள் பேசவில்லை.

மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துவரவில்லை. உப்பு கூடிப்போன அன்றைக்கு, "உங்கம்மா இன்னிக்கு என்னைப் பார்த்த பார்வை சரியில்ல" என்பாள். மாமியார் ஒரு தடவை ஆணி கழன்று விழுந்து, கீழே இருந்த மருமகளின் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டாள். "மாமியார் உடைச்சா மண்குடம். இதே நான் உடைச்சிருந்தா பொன்குடம்" என்று சாயங்காலம்வரை முணுமுணுப்பு. கோபம் முற்றினால் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவாள். மூன்றாம் நாள் அவளே நேராகத் திருப்பி, கண்ணாடியைத் துடைத்து, "எவ்வளவு நாளைக்குத்தான் மூஞ்சியைத் திருப்பிட்டு இருப்பீங்க அத்தை. வீம்பு பிடிச்ச மனுஷி" என்பாள். திருப்பியது யார் என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

பிரேம்காரரோ கடையை மூடிவிட்டு மேலே வந்ததும் அம்மா முன்னால் ஒரு நிமிஷம் நிற்பார். அன்றைக்கு ஏதாவது மூலை சரியாகப் பொருந்தாமல் போயிருந்தால் தலையைச் சொறிந்துகொண்டே, "ஆமாம்மா, அவசரப்பட்டுட்டேன்" என்பார். திட்டு வாங்கிய பிறகு அவருக்குச் சோறு இறங்கும்.

ஒருநாள் மச்சான் கடைக்கு வந்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே ஒதுங்கினார்.

"மாப்பிள்ளை, ஒரு சின்னச் சிக்கல். நம்ம வரைபடத்துல ஆறாவது பாட்டன், அவர் மகன் அஞ்சாவது பாட்டன் பொறக்கறதுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே செத்துப்போயிருக்கார்."

"அடடா. அப்புறம் எப்படி?"

"அதான் எப்படின்னு தெரியல. நடுவுல ஒரு ஆள் குறையுது." குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட மீசை வெச்சவர் யாராவது உபரியா இருக்காரா?"

பிரேம்காரர் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். "அந்தக் காலத்துல போட்டோவே கிடையாதே மச்சான்."

"நதிமூலம் ரிஷிமூலம் எல்லாம் யாரு பார்க்கப் போறா? எங்க வம்சத்து மீசை ஓரத்துல கொஞ்சம் கீழ இறங்கும். அது மட்டும் பார்த்துக் குடுங்க."

"தரேன். என் தலைக்கு மேல எங்கம்மாவைப் போடுங்க. மையில போடணும், பென்சில் வேண்டாம்."

மச்சான் மறுபடி தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு வரைபடம் கடைக்கு வந்தது. கண்ணாடி கழன்றது. ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு மீசைக்காரர் குடிபுகுந்தார். வெறும் தாளாக இருந்த இடத்தில், மச்சான் மையில் வரைந்த அம்மா முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுபடி ஆணி அடிக்கும்போது சுத்தியல் ஒரு தடவைகூட விரலில் விழவில்லை.

இப்படியே காலம் போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியிருந்திருக்காது. ஒரு மத்தியானம், லிஃப்ட் பழுது பார்க்கிறவர் ஒருத்தர் கடைக்கு வந்தார். அவர் தொழிலைச் சட்டைப்பையில் இருந்த திருப்புளிகளும் விரலிடுக்கு எண்ணெய்க் கறுப்புமே சொல்லின. நாற்பத்தேழு வயது. சட்டைப்பையிலிருந்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்த ஒரு ரசீதை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"சார், இது ரொம்பப் பழசு. நீங்க திட்டினாலும் பரவாயில்ல. நான் பொறந்த மாசமே எங்கம்மா போயிட்டாங்க. வீட்ல இருந்த ஒரே போட்டோவ எங்கப்பா இங்க பிரேம் போடக் குடுத்தாராம். உடனே வேலை மாறி வேற ஊருக்குப் போயிட்டோம். போய் வாங்கணும், போய் வாங்கணும்னு சொல்லிட்டே இருந்தார். இருந்தார், இருந்தார், போன மாசம் அவரும் போயிட்டார். அவர் கடிகாரப் பெட்டியில இது இருந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்கம்மா முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது சார். குப்பையில போட்டிருப்பீங்க, தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு."

பிரேம்காரர் ரசீதைப் பார்த்தார். எண்ணும், 'பெண், நாற்காலி' என்ற இரண்டு சொல்லும். தன் கையால் ரப்பர் வைத்து அழித்த எண். அழித்தவனுக்கு அது மறக்குமா? பிறந்தநாள் தெரியாத மனிதர், அம்மாவைப் பற்றி அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அந்த எண்தான்.

இல்லை, தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ரசீதோடு வருகிறவனுக்குப் படத்தைக் கொடுக்கவேண்டும் என்பது பழைய முதலாளி சொல்லிவைத்த தொழில் தர்மம். "மேல வாங்க" என்றார்.

மேலே மச்சான் டீ குடித்துக்கொண்டிருந்தார். மனைவி அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். பிரேம்காரர் விஷயத்தைச் சொன்னதும் அவள் கை நின்றது. கண் நேராகச் சுவரில் மாமியாரிடம் போனது.

லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்த பெண்கள் அதில் இரண்டே பேர். பிரேம்காரர் வாயைத் திறப்பதற்குள் அவர் விடுவிடுவென்று நடந்து, கன்னத்தில் குழி விழச் சிரிக்கிற சித்தியின் முன்னால் போய் நின்றார்.

"இவங்கதான்" என்றார். "யாரும் சொல்லவேண்டாம் சார். பார்த்ததும் வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது." குழந்தை மாதிரி விசும்பினார்.

மச்சான் டீயை விழுங்க மறந்து கன்னத்தில் வைத்திருந்தார்.

பிரேம்காரரின் நெஞ்சுக்குள் இருந்த கல் அப்படியே இறங்கியது. நான் என்ன பொய்யா சொன்னேன், அவரே வந்தார், அவரே எடுத்தார். சித்தி நல்லவள், யாரோடும் ஒத்துப்போவாள். அந்த மனிதனும் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறான். யாருக்கு நஷ்டம்? இப்படியெல்லாம் மனசு நியாயம் பேச, கை சித்தியைக் கழற்றியது. மேசையில் வைத்துப் பழைய செய்தித்தாளை விரித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவர் மறைத்தது ஒரு தாயை.

"ஒரு நிமிஷம் சார்" என்று லிஃப்ட்காரர் குனிந்தார். சித்தியின் கண்ணாடிமேல் எண்ணெய்க் கறுப்பு படாமல் புறங்கையை வைத்தார். "மன்னிச்சுக்கோம்மா. அப்பா வந்து உன்னைக் கூட்டிட்டுப் போகல. நானும் தேடல. இத்தனை வருஷம் யார் வீட்லயோ கிடந்தே."

பிரேம்காரர் நிமிர்ந்தார். நிமிர்ந்திருக்கக் கூடாது. எதிர்ச் சுவரில் அம்மா இருந்தாள். கை மடியில், வலது புருவம் ஒரு நூல் மேலே. பெற்ற பிள்ளை தன் கண்முன்னால் வேறொருத்தியிடம் மன்னிப்புக் கேட்கிறான். அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை, பிரேம்காரரைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் மூலை பொருந்தவில்லை, கணக்கு பொருந்தவில்லை என்று அவராகச் சொல்லிச் சொல்லி வாங்கிக்கொண்டதெல்லாம் திட்டே இல்லை என்று அப்போது தெரிந்தது. இதுதான் திட்டு. முப்பது பேருக்குப் பொதுவில்லை, மச்சானுக்கில்லை, அவருக்கு மட்டும். ஆயுசு முழுக்க ஏங்கியது கிடைத்துவிட்டது. தாங்க முடியவில்லை.

"தம்பி," என்றார். விரித்த செய்தித்தாளை மடித்தார். "அது சித்தி. உங்கம்மா அங்க இருக்காங்க."

லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் முகம் மாறியது. "இவங்களா? என்ன சார் விளையாடறீங்களா? இவங்க முகத்துல எவ்வளவு கோவம் இருக்கு. எங்கம்மா இப்படி இருக்கமாட்டாங்க."

மனைவி எழுந்துவிட்டாள். "என்னங்க பேச்சு இது? எங்க வீட்ல நின்னுக்கிட்டே எங்க மாமியாரைக் குறை சொல்றீங்க. அவங்களைக் குறை சொல்றதுக்கு நான் ஒருத்தி இருக்கேன், போதும்."

"நான் உண்மையச் சொன்னேன்மா. எனக்குப் பிடிச்ச முகத்தை விட்டுட்டு இதைத் தலையில கட்டப் பாக்கறீங்க" என்று லிஃப்ட்காரர் கையைக் கட்டிக்கொண்டு அவளை முறைத்தார்.

அவ்வளவுதான். மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். அவரையே பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். அவருக்கும் வலது புருவம் மட்டும் ஒரு நூல் மேலே.

"என்னங்க," என்றாள் கணவரிடம் மெதுவாக. "இந்த முறைப்பு எனக்குத் தெரியும்ங்க. இத்தனை வருஷம் நான் வாங்கின முறைப்பு இது."

மச்சான் எழுந்து வந்து இரண்டு புருவத்தையும் நில அளவைக் கண்ணால் அளந்தார். "ஒரு இம்மி பிசகு இல்ல" என்றார்.

மகளின் கைக்கண்ணாடியை மனைவி எடுத்துவந்து லிஃப்ட்காரர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கண்ணாடி கீழே இறங்கியது. ஒரு அடி எடுத்து வைத்து, இன்னொரு அடி எடுத்து வைத்து, பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போன பையன் மாதிரி அவள்முன் நின்றார்.

"என்மேல கோவமா இருக்காங்களா?" என்றார்.

"இல்ல" என்றார் பிரேம்காரர். "அது கோவம் இல்ல தம்பி. யாருக்காகவோ காத்துக்கிட்டு இருக்கிற முகம். இவ்வளவு நாள் எனக்காகத்தான்னு நெனச்சுட்டு இருந்தேன்."

மச்சான்தான் முதலில் தெளிந்தார். "இதுல என்ன இருக்கு? போன்ல ஒரு படம் எடுத்து ஆளுக்கொண்ணா வெச்சுக்கோங்க."

"அண்ணே, சும்மா இருங்க" என்றாள் தங்கை. "அம்மாவை ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கறதா? நாளைக்கு எது அசல்னு யாரு அடிச்சுக்கறது?"

பிரேம்காரர் அம்மாவை இறக்கினார். பின்பலகையைத் திருப்பி, தான் எழுதியதை அழிக்க ரப்பரை எடுத்தார். லிஃப்ட்காரர் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுப் படித்தார்: 'கோபக்காரி. மகன் வந்து சேரும்வரை சாப்பிடமாட்டாள். மழை வந்தால் முதலில் அடுத்த வீட்டுத் துணியை எடுப்பாள். பொய் சொன்னால் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள்.'

"இதெல்லாம் நிஜமா சார்?"

"கடைசி வரி நிஜம்" என்றார் பிரேம்காரர். "மத்தது தெரியாது. வேற யாரும் எழுதல, அதனால நான் எழுதினேன்."

"அழிக்காதீங்க. எங்கிட்ட இவங்களைப் பத்தி இதுகூடக் கிடையாது."

செய்தித்தாளில் சுற்றி, கயிறு கட்டி, படி இறங்கிப் போனாள் அம்மா. சுவரில் அவள் இருந்த இடம் மட்டும் வெயில் படாத பழைய நிறத்தில் சதுரமாகத் தெரிந்தது. மச்சான் தொண்டையைச் செருமினார். "முறைப்படி பார்த்தா இப்ப வரைபடத்துல..."

"மீசையத் திருப்பிக் குடுத்துட்டு எடுத்துக்கோங்க மச்சான்" என்றார் பிரேம்காரர், திரும்பிப் பார்க்காமல்.

"இருக்கட்டும், இருக்கட்டும், எதுக்கு இப்ப அதெல்லாம்" என்று மச்சான் செருப்பைத் தேடினார்.

மனைவி அட்டையை எடுத்தாள். வெட்டவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்தபடி அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பொலபொலவென்று கண்ணீர் வந்தது. "இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருந்தோம். போகும்போது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாங்களா பாருங்க உங்கம்மா" என்றாள்.

அதற்குப் பிறகு பிரேம்காரர் மூலை வெட்டும்போது தப்பு செய்தார், செய்தால் கேட்பாரில்லை. சோறு இறங்கவில்லை. சித்தி மறுபடி பக்கத்து ஆணியில் ஏறிச் சிரித்துக்கொண்டே இருந்தாள். எப்போது பார்த்தாலும் சிரிக்கிற முகத்திடம் என்ன பேசுவது? மனைவிக்கோ சண்டை போட ஆள் இல்லாமல் அண்டைவீட்டுக்காரியோடு மறுபடியும் பேச்சு நின்றது.

ஆறு மாதம் கழித்து, லிஃப்ட்காரர் வந்து நின்றார். கையில் துணியில் சுற்றிய சதுரம்.

பிரேம்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். "கண்ணாடி உடைஞ்சுபோச்சா?"

"இல்ல சார்." அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க வீட்ல ஒத்துவரல. அம்மா முறைக்கறாங்கன்னு என் பொண்டாட்டி அடுப்படிக்கே போகமாட்டேங்கறா. இத்தனை வருஷம் மாமியார் இல்லைன்னு நிம்மதியா இருந்தவளாம். நானும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில அவ ஒண்ணு கேட்டா, உடனே இவங்களைத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"என்ன கேட்டாங்க?"

"'பிள்ளைங்க ரெண்டு பேர் இருக்கீங்க, ஒருத்தர் வீட்லயே விட்டா எப்படி? ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்கன்னு வெச்சுக்கோங்க'ன்னு."

பிள்ளைங்க ரெண்டு பேர். பிரேம்காரர் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கரையான் தின்ற கோப்பில் என்ன எழுதியிருந்ததோ, அது இனி அவருக்குத் தேவைப்படவில்லை. வாயில் இருந்த ஆணிகளைத் துப்பிவிட்டு, "மேல வா" என்றார். 'வாங்க' என்று சொல்ல அப்போது தோன்றவில்லை. தம்பிக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

படியேறி வரும்போதே மனைவி பார்த்துவிட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஓகோ. அங்க சின்ன மருமகளுக்கு ஆகலைன்னதும் இங்க கொண்டாந்து விட்டாச்சா? இந்த வீட்ல ஒரு இளிச்சவாய் இருக்கான்னு நெனப்பு" என்றாள்.

சொல்லிக்கொண்டே துணியைப் பிரித்தாள். புடவைத் தலைப்பால் கண்ணாடியை ஓரத்திலிருந்து ஓரம்வரை துடைத்தாள். பழைய ஆணியில், பழைய சதுரத்தில், கோணலில்லாமல் மாட்டினாள். ஒரு அடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து, மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன அத்தை," என்றாள், "இப்படி இளைச்சுப் போயிட்டீங்க."